பூட்டிய கோப்புகளும் திருடுபோன கடவுச்சொற்களும்: குமரி மாவட்டப் பேரூராட்சி அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்துகிறேன். அந்த அலுவலகத்தின் செயல் அலுவலர் உதவி கேட்டு அழைத்ததால் முதல் நாளிலிருந்து உடனிருந்தேன். ஊர், தேதி, ஆட்களின் அடையாளம் எல்லாவற்றையும் விட்டிருக்கிறேன். எழுதுவதற்குச் செயல் அலுவலரின் ஒப்புதல் உண்டு. என் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

குமரி பரப்பில் சிறிய மாவட்டம். ஆனால் பேரூராட்சிகள் மட்டும் ஐம்பதை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அலுவலகப் பணியாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்: செயல் அலுவலர், தலைமை எழுத்தர், இளநிலை உதவியாளர், வரித்தண்டலர், ஒப்பந்த ஊதியத்தில் ஒரு கணினி இயக்குநர். நான் போன அலுவலகத்திலும் இதே கணக்கு. கணினிகள் நான்கு. கணினியைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனியாக யாரும் இல்லை. ஏதாவது பழுதானால் பக்கத்துக் கடைவீதியில் இருந்து சர்வீஸ்காரர் வருவார்.

சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை மாநில அளவிலான சர்வரில் இருக்கின்றன. அலுவலகக் கணினியில் இருந்தவை வேறு: தூய்மைப் பணியாளர்களின் சம்பளப் பட்டியல், மன்றக் கூட்டப் பொருள் நிரல், மதிப்பீடுகள், ஒப்பந்தக் கடிதங்கள், கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல்கள். இவற்றோடு கட்டட வரைபடங்களின் ஸ்கேன் நகல்களும் இருந்தன.

அந்த ஸ்கேன் நகல்களுக்கு ஒரு கதை உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது பதிவறையின் ஓடுகள் பறந்து, கீழ் அடுக்குகளில் இருந்த கோப்புகள் ஊறிப்போயின. ஊரில் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. பிழைத்த தாள்களைக் காயவைத்து, மை முழுதாகக் கரைவதற்குள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்தார்கள். சில வரைபடங்களுக்கு உலகத்தில் இருந்த ஒரே நல்ல நகல் அந்தக் கணினியில் இருந்த பிடிஎஃப்தான். அதற்குக் காப்பு நகலாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தார்கள். அது எப்போதும் அதே கணினியில் செருகியபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நடந்தது

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. தூய்மைப் பணியாளர்களுக்குப் பண்டிகைக்கு முன் சம்பளம் போக வேண்டும். புதிதாக வாங்கிய கணினியில் ஆபீஸ் மென்பொருளின் சோதனைக் காலம் முடிந்து, பட்டியலைத் திருத்த முடியாமல் நின்றது. கணினி வாங்கும்போது மென்பொருள் உரிமத்துக்கென்று பணம் ஒதுக்கவில்லை. பழைய கணினியோடு வந்ததே போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

கணினி இயக்குநர் இணையத்தில் தேடி, உரிமம் வாங்காமலே மென்பொருளை ஓடவைப்பதாகச் சொல்லும் ஒரு ஆக்டிவேட்டரை இறக்கினார். அது கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பாக வந்தது. கடவுச்சொல் இருந்தால் ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்க முடியாது. அதற்காகவே அப்படி அனுப்புகிறார்கள். 'நிறுவுவதற்கு முன் பாதுகாப்பு மென்பொருளை அணைத்துவிடவும்' என்றும் ஒரு குறிப்பு இருந்தது. அவரும் அணைத்தார். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் நடப்பதுபோல் ஒரு சாளரம் வந்தது. அப்டேட் நடக்கும்போது கணினியை நிறுத்தக்கூடாது என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே ஓடவிட்டு வீட்டுக்குப் போனார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கணினி ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை: கண்டவை

காலை பத்தரைக்குச் செயல் அலுவலர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "சார், ஃபைல் எல்லாம் பேரு மாறிக் கெடக்கு. தொறந்தா ஒண்ணும் வரமாட்டேங்கு."

நான் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் பொருளில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு ரீட்மீ உரைக் கோப்பு. அதில் பூட்டைத் திறக்கும் சாவிக்கு 980 டாலர் கேட்டிருந்தார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரலுக்கு ரேன்சம்வேர் என்று பெயர். இந்த அடையாளங்கள் எல்லாம் ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் அழைக்கப்படும் ரேன்சம்வேர் குடும்பத்துடையவை. பெரிய நிறுவனங்களைக் குறிவைக்கும் வகை இது இல்லை. உரிமப் பூட்டை உடைத்த கிராக் மென்பொருளைத் தேடுகிறவர்களிடம் தானாகப் போய்ச் சேரும். அந்த அப்டேட் சாளரமும் இதன் வேலைதான். பின்னால் கோப்புகளைப் பூட்டும் நேரத்தில் ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படி இரைகிறது என்று ஆள் சந்தேகப்படாமலிருக்கக் காட்டுவது.

பூட்டப்பட்டது அந்த ஒரு கணினியோடு நிற்கவில்லை. செருகியிருந்த காப்பு டிஸ்கும் பூட்டப்பட்டது. தலைமை எழுத்தரின் கணினியில் இருந்து பகிர்ந்திருந்த கோப்புறையும் போனது. காலையில் ஒருவர் மன்றப் பொருள் நிரல் இருந்த பென் டிரைவை 'இதாவது தொறக்குதா பார்ப்போம்' என்று செருகியிருக்கிறார். சில நிமிடங்களில் அதுவும் போயிற்று. இந்தத் தீநிரல் தன்னைக் கணினியில் பதித்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஓடும்படி ஒரு திட்டமிட்ட பணியையும் ஏற்படுத்திவிடும். பூட்டி முடித்துவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து எதைச் செருகினாலும் அதுவும் மாட்டும்.

முதல் நாள் முடிவுகளும் காரணங்களும்

சர்வீஸ்காரர் எனக்கு முன்பே வந்து விண்டோஸ் பதிந்த பென் டிரைவோடு தயாராக நின்றார். "ஃபார்மேட் அடிச்சா தீந்துச்சு சார்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த மருந்து அது. ஆனால் அடித்திருந்தால் பூட்டிய கோப்புகளும் போயிருக்கும், சாட்சியமும் போயிருக்கும். வலை கம்பிகளைப் பிடுங்கி, கணினியை நிறுத்தி, டிஸ்கைக் கழற்றி, வேறொரு புதிய டிஸ்கில் முழு நகல் எடுத்தோம். அசலை உறையிலிட்டு, தேதியும் கையெழுத்தும் போட்டுப் பீரோவில் வைத்தோம். இது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. அன்றைய மதிப்பில் முழுத் தொகை ஏறத்தாழ 80,000 ரூபாய், பாதி என்றால் 40,000. மன்றத் தலைவர் தன் கையிலிருந்தே தருவதாகச் சொன்னார். ஊருக்குத் தெரிந்தால் கெட்ட பெயர் என்ற கவலை அவருக்கு. செயல் அலுவலர் மறுத்தார். அரசு அலுவலகம் திருடனுக்குக் கொடுக்கும் பணத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது, தனிநபர் கொடுத்தாலும் அலுவலகத்துக்காகக் கொடுத்ததுதானே என்று கேட்டார். கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு உறுதி கிடையாது என்பதை நான் சொன்னேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அடுத்தது புகார். செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் ஓர் உத்தரவு பிறப்பித்தது. இப்படிப்பட்ட சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அரசு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். அந்த அறையில் இருந்தவர்களில் இதை அறிந்தவன் நான் ஒருவன்தான். அன்று அனுப்பியிருக்கலாம். ஆனால் மேலிடத்துக்குச் சொல்லாமல் வெளியே எழுதலாமா என்ற தயக்கத்தில் மாலை ஆகிவிட்டது. பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குத் தகவல் போய், பதில் வந்து, செர்ட்-இன்னுக்கும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் புகார் போனது மறுநாள் காலை. 180 நாள் பதிவுகள் என்ற கேள்விக்கு எங்களிடம் பதிலே இல்லை. பிராட்பேண்ட் மோடமை யாரோ காலையில் அணைத்துப் போட்டிருந்தார்கள்; இருந்த சொற்பப் பதிவும் அழிந்திருந்தது.

தொற்று எப்படி வந்தது என்பதும் முதல் நாள் தெரியவில்லை. கணினி இயக்குநர் 'தெரியாது' என்றே சொன்னார். மறுநாள் தேநீர் நேரத்தில் தனியாக வந்தார். "சார், வெள்ளிக்கிழம நான் ஒண்ணு இறக்குனேன். நேத்து எல்லாரும் நின்னு கேட்டப்போ சொல்ல பயமாட்டு இருந்திச்சு." எட்டுப் பேர் சுற்றி நின்று 'யார் செஞ்சது' என்று கேட்டால் யார்தான் சொல்வார்? நானும் அந்த எட்டுப் பேரில் ஒருவன்.

அவர் முதல் நாளே சொல்லியிருந்தால், ஆக்டிவேட்டர் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும், இப்படி வருபவை கடவுச்சொற்களையும் திருடும் என்பது என் நினைவுக்கு வந்திருக்கலாம். வந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. மறுநாள் அவர் சொன்ன பிறகும் எனக்கு அது வரவில்லை.

மீட்பு

சம்பளப் பட்டியல்தான் முதலில். சுகாதார மேஸ்திரி கையால் எழுதும் வருகைப் பதிவேடு இருந்தது. முந்தைய மாதம் வங்கிக்குக் கொடுத்த பட்டியலின் அச்சுப் பிரதியை வங்கியிலிருந்து வாங்கினோம். இரண்டையும் வைத்து ஒரு மடிக்கணினியில், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில், புதிதாகப் பட்டியல் தயாரானது. வியாழக்கிழமை எல்லோருக்கும் சம்பளம் ஏறியது. பழைய பட்டியலில் ஓய்வுபெற்ற ஒருவரின் பெயர் நீக்கப்படாமல் இருந்ததும் இதில் தெரியவந்தது.

மற்றவை அங்கங்கிருந்து வந்தன. தீர்மானங்கள் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தில் இருந்தன. மதிப்பீடுகளும் கடிதங்களும் அனுப்பிய மின்னஞ்சல்களின் இணைப்புகளில் கிடைத்தன. மாதாந்திர அறிக்கைகளின் நகல் உதவி இயக்குநர் அலுவலகத்தில் இருந்தது. பொருள் நிரல் பலவற்றை எதிர்ப்புறத்து டிடிபி கடைக்காரர் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். அவர் கணினியில் மூன்று வருடத்துக் கோப்புகள் அப்படியே இருந்தன. அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் கொஞ்சம் கிடைத்தது. அன்று இது பெரிய உதவி. பேரூராட்சியின் காகிதங்கள் எத்தனை இடத்தில் சிதறிக் கிடக்கின்றன என்பதை யோசிக்க அப்போது நேரமில்லை.

வரைபடங்களுக்கு வேறு எங்கும் நகல் இல்லை. இந்த ரேன்சம்வேர் குடும்பம் பூட்டிய கோப்புகளுக்கு இலவச மீட்பு நிரல் ஒன்று 2019 முதல் உண்டு. தீநிரல் தன் சர்வரோடு பேச முடியாமல் போனால், தன்னிடமுள்ள, பலருக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டும். அப்படிப்பட்ட கோப்புகளின் அடையாள எண் பெரும்பாலும் 'டி1' என்று முடியும். அந்தச் சாவி கிடைத்திருந்தால் திறக்கலாம். எங்கள் எண் அப்படி முடியவில்லை. வார இறுதி முழுக்க இணைய இணைப்பு நன்றாக வேலை செய்தது. ஆகவே எங்களுக்கென்று தனிச் சாவி. அதை உடைக்க வழியில்லை.

ஒரு சிறு வெளிச்சம் இருந்தது. வேகத்துக்காக இந்தத் தீநிரல் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டுகிறது. சிறிய கடிதம் என்றால் முழுதும் போய்விடும். பல மெகாபைட் அளவுள்ள ஸ்கேன் கோப்பில் தலைப்பகுதி மட்டும் சிதைந்து உடல் அப்படியே இருக்கும். பல பக்கங்கள் உள்ள வரைபடக் கோப்புகளில் முதல் பக்கம் போக மீதிப் பக்கங்களைப் படமாகப் பிரித்தெடுக்க முடிந்தது. முன்பு பணியிலிருந்த ஓர் எழுத்தர் ஆண்டுவாரியாக ஜிப் செய்து வைத்திருந்தார். அந்த ஜிப்களில் முதலில் இருந்த ஒன்றிரண்டு கோப்புகள் தவிர மற்றவை வந்துவிட்டன. என் மாணவர்கள் இருவர் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து இதைச் செய்தார்கள். ஒரே பக்க வரைபடங்கள், அதுவும் சிறிய கோப்புகளாக இருந்தவை, திரும்பவில்லை.

பத்தாம் நாள்: யாரும் பார்க்காத பக்கம்

தீபாவளி முடிந்த பின் ஒரு புதன்கிழமை. ஒப்பந்ததாரர் ஒருவர் செயல் அலுவலரை அழைத்தார்: "சார், ஆபீஸ் அக்கவுண்டு மாறிட்டா? மெயில்ல வேற நம்பராக்கும் கெடக்கு."

அலுவலக மின்னஞ்சலில் இருந்தே கடிதம் போயிருந்தது. உண்மையான ஒப்பந்த எண், உண்மையான வேலையின் பெயர், உண்மையான காப்புத்தொகை. வங்கிக் கணக்கு மட்டும் வேறு மாநிலத்தில் யாருடையதோ. இவர் கேட்டதால் தப்பித்தார். அதே கடிதம் பெற்ற தெருவிளக்குப் பொருள் வழங்குபவர் காலையிலேயே பணத்தை அனுப்பிவிட்டார். உடனே அவரை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கச் சொன்னோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் புகார் பதிவானதால் பாதிக்கு மேல் அந்தக் கணக்கிலேயே முடக்கப்பட்டது. மீதி ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது.

என் தவறு இதுதான். இந்த ரேன்சம்வேர் பெரும்பாலும் தனியாக வராது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் கடவுச்சொல் இல்லாமலே கணக்குக்குள் நுழையவிடும் உள்நுழைவுக் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும் வேறொரு நிரலையும் கூட்டிவரும். இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன். ஆனால் பூட்டிய கோப்புகளும் கெடுவும் சம்பளப் பட்டியலும் கண்முன் நின்றதால், திருடுபோனது என்ன என்ற கேள்வியை முதல் நாள் நான் கேட்கவே இல்லை. வரி வசூல் மாநில சர்வரில் ஒருநாள்கூட நிற்காமல் நடந்தது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த வசூல் தளத்தின் கடவுச்சொல்லும் அதே பிரவுசரில்தான் சேமித்திருந்தது. பத்து நாள் அதை மாற்றாமலே உபயோகித்தோம். அதை யாரும் தவறாகப் பயன்படுத்தவில்லை என்று பின்னால் சரிபார்த்ததில் தெரிந்தது.

மின்னஞ்சல் கணக்கைத் திறந்து பார்த்தோம். அது இலவச மின்னஞ்சல். நான்கு பேருக்கு ஒரே கடவுச்சொல். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை. மீட்பு எண்ணாக இருந்தது மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுப்போன ஒருவரின் கைபேசி. வங்கி, கணக்கு, டெபாசிட் என்ற சொற்களுள்ள பதில்கள் வந்தால் அவற்றை வெளி முகவரிக்கு அனுப்பிவிட்டு உள்பெட்டியில் காட்டாமல் மறைக்கும் வடிகட்டி ஒன்றை யாரோ போட்டிருந்தார்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்கு இது சரியான உதாரணம். எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேற்றி, வடிகட்டிகளை நீக்கி, மீட்பு எண்ணை மாற்றி, அதன் பிறகு கடவுச்சொல்லை மாற்றினோம். எல்லாம் தொற்றுபடாத மடிக்கணினியிலிருந்து.

செயல் அலுவலரின் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும், அதாவது கையொப்பச் சாவி இருக்கும் பென் டிரைவ் போன்ற சிறு கருவியும், கணினியிலேயே செருகியிருந்தது. அதன் ரகசிய எண்ணான 'பின்' எண் மானிட்டரின் ஓரத்தில் துண்டுச் சீட்டில் ஒட்டியிருந்தது. டோக்கனுக்குள் இருக்கும் சாவியை நகலெடுக்க முடியாது. ஆனால் டோக்கன் செருகியிருந்து, பின் எண்ணும் தெரிந்தால் தூரத்திலிருந்தே கையொப்பம் போடவைக்கலாம். அந்தச் சான்றை ரத்து செய்து புதிது வாங்கினார்கள்.

பின்னர் நடந்தவை

கணினி இயக்குநருக்குக் குறிப்பாணை கொடுக்க வேண்டும் என்று மன்றத்தில் சிலர் சொன்னார்கள். கணினியை உரிமமில்லாமல் வாங்கியது, ஒரே ஆளிடம் எல்லா வேலையையும் கொடுத்தது, எல்லோருக்கும் நிர்வாகி உரிமை கொடுத்தது, இவை எதுவும் அவர் எடுத்த முடிவல்ல என்று என் அறிக்கையில் எழுதினேன். விளக்கம் பெற்றுக்கொண்டு அதோடு விட்டார்கள். இப்போது காப்பு நகல் எடுக்கும் பொறுப்பு அவரிடம்தான். ஒரு வாரமும் தவறவில்லை.

எல்லா ஒப்பந்ததாரர்களுக்கும் செயல் அலுவலர் கையொப்பமிட்ட கடிதம் தபாலில் போனது: வங்கிக் கணக்கு மாற்றம் எதுவும் மின்னஞ்சலில் வராது, வந்தால் அலுவலகத் தொலைபேசிக்கு அழைத்துக் கேட்கவும். ஊருக்குத் தெரியக்கூடாது என்று முதலில் கவலைப்பட்ட தலைவரே, பணம் இழந்தவரை நேரில் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னார்.

அலுவல் வேலைக்கு அரசு மின்னஞ்சல் முகவரி வாங்கினார்கள், ஆளுக்கொன்றாக. அன்றாடக் கணினிக் கணக்குகளில் நிர்வாகி உரிமை எடுக்கப்பட்டது. இரண்டு கணினிகள் லினக்ஸுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் மாறின; பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதில் முதல் மாதம் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். காப்புக்கு இரண்டு டிஸ்குகள். வெள்ளிக்கிழமை நகல் எடுத்ததும் கழற்றி, ஒன்று பதிவறைப் பீரோவிலும் மற்றது இன்னொரு தெருவில் இருக்கும் குடிநீர்ப் பிரிவு அறையிலும் போகும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்துப் பதிவேட்டில் குறிக்கிறார்கள்.

மீண்டும் நேர்ந்தால் மாற்றிச் செய்வது

முதல் ஒரு மணி நேரத்தில், கோப்புகளைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தக் கணினியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் எவையெவை என்று ஒரு தாளில் எழுதுவேன். மின்னஞ்சல், வரித் தளம், ஒப்பந்தப்புள்ளித் தளம், வங்கி, டோக்கன் என்ற வரிசையில், வேறு சாதனத்திலிருந்து ஒவ்வொன்றாக மாற்றச் சொல்வேன். செர்ட்-இன்னுக்கு முதல் தகவலை அரைகுறையாகவாவது ஆறு மணி நேரத்துக்குள் அனுப்பச் சொல்வேன். விவரங்களைப் பிறகு சேர்க்கலாம். அலுவலகத்தோடு பணப் பரிமாற்றம் உள்ள எல்லோருக்கும் அன்றே தொலைபேசியில் எச்சரிக்கை போயிருக்க வேண்டும். போயிருந்தால் அந்தத் தெருவிளக்குக்காரரின் பணம் தப்பியிருக்கும். இது என்னை இன்னும் உறுத்துகிறது.

கணினியில் கடைசியாக வேலை செய்தவரிடம் கூட்டத்தில் வைத்துக் கேட்க மாட்டேன். தனியாக, உட்காரவைத்து, 'இதனால் உங்களுக்கு ஒன்றும் வராது' என்று செயல் அலுவலர் வாயால் சொல்லவைத்த பிறகு கேட்பேன்.

இன்றைய நிலை

முடக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெறும் மனு நீதிமன்றத்தில் இருக்கிறது. குற்றவாளி யார் என்று தெரியவில்லை.

அசல் டிஸ்க் இன்னும் உறையோடு பீரோவில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகல் டிஸ்கை எடுத்து, மீட்பு நிரலின் புதிய பதிப்பில் போட்டுப் பார்க்கிறேன். எங்கள் சாவி இதுவரை வரவில்லை. வீட்டு வரி, விற்பனை என்று ஏதாவது வேலையாக வருகிறவர்களிடம், உங்கள் வீட்டு வரைபட நகல் இருந்தால் ஒருமுறை கொண்டுவாருங்கள் என்று கவுண்டரில் கேட்கிறார்கள். போன முறை நான் போயிருந்தபோது ஒரு பாட்டி பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்த நீல வரைபடத்தைக் கொடுத்தார். ஸ்கேன் செய்து, தாளைத் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் அந்தக் கதவு எண்ணுக்கு நேரே குறித்துக்கொண்டார் கணினி இயக்குநர்.